தத்தெடுக்க நினைக்கிறீர்களா? முதலில் உங்களுக்கான சட்டம் எது என்று பாருங்கள்

பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்தில் தத்தெடுப்பு பற்றிப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். "ஏதாவது ஒரு ஹோமுக்குப் போய் பெரிய தொகையாக டொனேஷன் கொடுத்தால் ஆறே மாதத்தில் கிடைத்துவிடும்" என்பார் ஒருவர். "ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும்" என்பார் இன்னொருவர். குழந்தை பிறக்காது என்று டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், கிறிஸ்தவர்கள் கார்டியனாகத்தான் இருக்க முடியும், பெற்றவள் எப்போது வேண்டுமானாலும் வந்து திரும்பக் கேட்கலாம் என்றெல்லாம் பேச்சு நீளும். இவற்றில் ஒன்று முன்பு ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. மற்றவை எப்போதும் உண்மையில்லை. ஒன்றிரண்டை நம்பி இறங்கினால் போலீஸ் வழக்கில் போய் முடியும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் தத்தெடுப்புக்கு இரண்டு வேறு வேறு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்றின் விதியை இன்னொன்றில் கொண்டுபோய் ஒட்டிப் பேசுவதால்தான் இத்தனை கதைகள். இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கல்யாணத்தில் இருந்து தொடங்கலாம்

ரத்த சம்பந்தம் இல்லாத ஒருவர் சட்டத்தின் மூலம் சொந்தமாவது நமக்குப் புதிதில்லை. கல்யாணம் அதைத்தான் செய்கிறது. நேற்றுவரை வேறு வீட்டில் இருந்தவர் இன்று முதல் இந்தக் குடும்பத்தில் ஒருவர். சொத்துரிமை உட்பட எல்லாம் அதன் பின்னால் வருகிறது.

அந்தக் கல்யாணத்துக்கும் நம் நாட்டில் இரண்டு வழிகள் உண்டு. இந்துத் திருமணச் சட்டப்படி சொந்தபந்தம் சூழ முறைப்படி சடங்கு நடந்தாலே அது கல்யாணம். பதிவு செய்வது பிற்பாடு சாட்சிக்காக. சிறப்புத் திருமணச் சட்டம் அப்படியில்லை. எந்த மதத்தவரும் அதன்கீழ் மணம் செய்துகொள்ளலாம். ஆனால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, காத்திருந்து, அதிகாரி முன்னிலையில் முடிக்க வேண்டும். அங்கே அரசாங்கத்தின் பங்கு இல்லாமல் உறவே உருவாவதில்லை.

தத்தெடுப்பும் ஏறக்குறைய இதே மாதிரிதான். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் முதல் வழி. குடும்பங்களுக்குள் நடப்பது அது. இரண்டாவது, 2015-இன் சிறார் நீதிச் சட்டம். மத வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் பொது. அதில் அரசு உத்தரவு வந்தால்தான் தத்து.

ஒரு முக்கியமான இடத்தில் இந்த ஒப்பீடு நின்றுவிடுகிறது. கல்யாணத்தில் இரண்டு பேரும் வாய் திறந்து சம்மதம் சொல்கிறார்கள். தத்தெடுப்பில் ஒரு தரப்பு மூன்று மாதக் குழந்தையாக இருக்கலாம். அதன் சார்பில் சம்மதம் சொல்வது யார்? சொல்பவருக்கு அந்த உரிமை உண்டா? இந்தக் கேள்விக்குச் சட்டம் கண்ட பதில்தான் நீங்கள் சந்திக்கப்போகும் ஒவ்வொரு படிவமும், ஒவ்வொரு காத்திருப்பும். இன்னொன்று: கல்யாணத்துக்கு விவாகரத்து உண்டு. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்த தத்துக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. முறையாக நடந்த தத்தைப் பெற்றோர் ரத்து செய்ய முடியாது என்று அந்தச் சட்டம் நேரடியாகவே சொல்கிறது.

முதல் வழி: கையில் கொடுத்து, கையில் வாங்குவது

அக்காவுக்கு மூன்று குழந்தைகள், தங்கைக்கு இல்லை. பெரியவர்கள் பேசி ஒரு குழந்தையைத் தங்கைக்குக் கொடுக்கிறார்கள். தர்மபுரி, வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் இது காலங்காலமாக நடப்பது. ஸ்ரீராம்புரத்திலும் அல்சூரிலும் குடியேறிவிட்ட அவர்களின் பேரன் பேத்திகள் காலத்திலும் நடக்கிறது. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் என்றால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் போதும்.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி, குழந்தையை உண்மையிலேயே கொடுப்பதும் வாங்குவதும். பெற்றவர்கள் தத்துக் கொடுக்கும் எண்ணத்தோடு கொடுக்க வேண்டும், இவர்கள் தத்தெடுக்கும் எண்ணத்தோடு வாங்க வேண்டும். தத்த ஹோமம் கட்டாயமில்லை. தத்துப் பத்திரம்கூட தத்தை உருவாக்குவதில்லை, நடந்ததற்குச் சாட்சியாகத்தான் நிற்கிறது. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிவு செய்துவிடுங்கள். பதிவான பத்திரம் இருந்தால், தத்து சட்டப்படி நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பத்திரம் இல்லாமல் விட்டுவிட்டு, இருபது வருடம் கழித்துச் சொத்துப் பிரிக்கும்போது "இவன் வளர்ப்புப் பிள்ளைதானே" என்று சித்தப்பா மகன் கேட்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

விதிகள் அதிகமில்லை. குழந்தைக்கு 15 வயது நிரம்பியிருக்கக் கூடாது, மணமாகியிருக்கக் கூடாது (சமூக வழக்கம் வேறாக இருந்தால் விலக்கு உண்டு). கணவன், மனைவி இருவரின் சம்மதமும் வேண்டும். ஆண் பெண்குழந்தையைத் தத்தெடுத்தாலும், பெண் ஆண்குழந்தையைத் தத்தெடுத்தாலும் இருவருக்கும் குறைந்தது 21 வயது வித்தியாசம் இருக்க வேண்டும். பலரைத் தடுக்கி விழவைக்கும் விதி இன்னொன்று: ஏற்கெனவே மகன் இருந்தால் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகள் இருந்தால் இன்னொரு மகளை எடுக்க முடியாது. மகன் வழிப் பேரப்பிள்ளைகளும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

பணம் கைமாறவே கூடாது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. "தாய்க்கு ஆஸ்பத்திரிச் செலவு", "தரகருக்குக் கொஞ்சம்" என்று வேறு பெயர் வைத்தாலும் அதே குற்றம்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: குழந்தையைக் கொடுக்கும் பெற்றோர் யார் என்று தெரியும், அவர்கள் நேரில் நின்று தாங்களே கொடுக்கிறார்கள், இரு பக்கமும் இந்துக்கள். அப்படியானால் முதல் வழி. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் இரண்டாவது வழிக்கு வாருங்கள்.

இரண்டாவது வழி யாருக்கு?

ஹோமில் வளரும் குழந்தையைத் தத்தெடுக்க விரும்புகிற எல்லோருக்கும் சிறார் நீதிச் சட்டம்தான். இந்துவாக இருந்தாலும் இதுதான் பாதை.

கிறிஸ்தவ, முஸ்லிம், பார்சிக் குடும்பங்களுக்கு முன்பு 1890-ஆம் ஆண்டின் கார்டியன் சட்டம் ஒன்றுதான் இருந்தது. அதில் நீங்கள் பாதுகாவலர் மட்டுமே. குழந்தை மேஜர் ஆனதும் அந்த உறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துபோகும், சொத்தில் பிள்ளைக்குரிய உரிமையும் வராது. ஃப்ரேசர் டவுன் பக்கம் வயதானவர்கள் இன்றும் "நமக்கு கார்டியன்தான்" என்று சொல்வது அந்தக் கால நினைவில் இருந்து. 2000-இல் வந்த சிறார் நீதிச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் இதை மாற்றின. எந்த மதத்தவரும் இந்தச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொன்னது. தன் மதத்தின் தனிச் சட்டப்படி நடக்க விரும்புகிறவரை இது கட்டாயப்படுத்துவதில்லை. விரும்புகிறவருக்கு வழி திறந்திருக்கிறது.

இந்துக்கள் அல்லாத குடும்பத்தில் உறவுக்குள் தத்தெடுப்பதற்கும் இந்தச் சட்டத்திலேயே தனி ஏற்பாடு உண்டு. ஆனால் உறவு என்பதற்குச் சட்டம் வரையறை வைத்திருக்கிறது: குழந்தைக்குப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, தாத்தா, பாட்டி முறையில் இருப்பவர்கள். ஒன்றுவிட்ட அண்ணனின் குழந்தை என்றால் இந்த வரையறைக்குள் வராது. குழந்தைக்கு ஐந்து வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் அதன் சம்மதத்தையும் கேட்பார்கள்.

தகுதியைப் பார்ப்போம். தம்பதி என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை, இருவரின் சம்மதம். தனியாக வாழும் பெண் ஆண்குழந்தை, பெண்குழந்தை எதையும் தத்தெடுக்கலாம். தனியாக வாழும் ஆணுக்குப் பெண்குழந்தையைத் தரமாட்டார்கள். மணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இருவர் ஜோடியாக விண்ணப்பிக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2023-இல் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்த விதியை அப்படியே விட்டுவைத்தது. நல்ல வீடுகள் சிலவற்றை இந்த விதி வெளியே நிறுத்துகிறது என்பது என் கருத்து. ஆனால் இன்றைய நிலை இதுதான்.

குழந்தைக்கும் தத்தெடுப்பவருக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி வேண்டும். மேல் வரம்பு குழந்தையின் வயதைப் பொறுத்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது, அதாவது இருவரின் வயதையும் கூட்டி வருவது, 85-ஐத் தாண்டக் கூடாது, தனிநபருக்கு 40. இரண்டில் இருந்து நான்கு வயது என்றால் 90, 45. நான்கில் இருந்து எட்டு என்றால் 100, 50. எட்டுக்கு மேல் 110, 55. கணவருக்கு 46, மனைவிக்கு 43 என்றால் கூட்டு வயது 89. கைக்குழந்தை கிடைக்காது, மூன்று வயதுக் குழந்தைக்கு விண்ணப்பிக்கலாம்.

மலட்டுத்தன்மைச் சான்றிதழ் எந்த விதியிலும் இல்லை. சொந்தக் குழந்தை இருப்பவரும் தத்தெடுக்கலாம். இரண்டோ அதற்கு மேலோ குழந்தைகள் இருந்தால் மட்டும், சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கோ எளிதில் வீடு அமையாத குழந்தைகளுக்கோதான் விண்ணப்பிக்க முடியும்.

ஹோமில் அத்தனை குழந்தைகள் இருக்கிறார்களே, ஏன் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட ஒரு ஹோமுக்குப் போகிறோம், ஐம்பது குழந்தைகளைப் பார்க்கிறோம், திரும்பி வரும்போது "இத்தனை பேர் இருக்க அரசாங்கம் ஏன் இழுத்தடிக்கிறது" என்று கோபம் வருகிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் தத்துக்கு உரியவர்கள் அல்ல. கட்டட வேலைக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும் அப்பா, நோயில் படுத்திருக்கும் அம்மா, செலவைத் தாங்க முடியாத பாட்டி என்று யாரோ ஒருவர் அவர்களுக்கு இருக்கிறார். வறுமைக்காக ஹோமில் விடப்பட்ட குழந்தையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் அதற்குப் பெயர் தத்து அல்ல, பறிப்பு.

தத்துக்கு வரக்கூடியவர்கள் மூன்று வகை: பெற்றோரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், பெற்றோரே முறைப்படி ஒப்படைத்தவர்கள். ஒரு குழந்தை இந்த வகையில் வருகிறதா என்று தீர்மானிப்பது குழந்தைகள் நலக் குழு. ஆங்காங்கே மாவட்ட அளவில் இயங்கும், மாஜிஸ்திரேட்டுக்குரிய அதிகாரம் கொண்ட சட்டபூர்வக் குழு அது. அது விசாரித்து முடித்து, இந்தக் குழந்தை தத்துக்குச் சட்டப்படி உரியது என்று அறிவித்த பிறகுதான் குழந்தையின் பெயர் பட்டியலில் ஏறும்.

விசாரணையில் என்ன நடக்கிறது? கைவிடப்பட்ட குழந்தை என்றால் போலீஸ் பெற்றோரைத் தேட வேண்டும், பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும். யாரும் வரவில்லை என்று உறுதியான பிறகே அறிவிப்பு. இதற்குச் சட்டம் தரும் காலம் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டு மாதம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு நான்கு மாதம். பெற்றோரே ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்ப அழைத்துப்போக அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்துக்குள் குழந்தையை யாருக்கும் தருவதில்லை.

"பெற்றவள் வந்து கேட்டால்?" என்ற பயத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவள் வந்து கேட்பதற்கான காலம் குழந்தை உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தத்து உத்தரவு வந்த நாளில் இருந்து பிறந்த குடும்பத்துடன் சட்ட உறவு அறுந்து, குழந்தை எல்லா வகையிலும் உங்கள் குழந்தையாகிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் மூலமாகவோ தரகர் மூலமாகவோ குறுக்கே வாங்கிய குழந்தைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தேட வேண்டியவர்களை யாரும் தேடவில்லை, கேட்க வேண்டியவளை யாரும் கேட்கவில்லை. பத்து வருடம் கழித்தும் கதவு தட்டப்படலாம்.

காத்திருப்பின் கணக்கு இப்படித்தான் வருகிறது. பதிவு செய்துவிட்டு வரிசையில் நிற்கும் பெற்றோர் பல்லாயிரம். 2024-25-இல் நாடு முழுவதும் நடந்த தத்துகள் 4,515. அதுவே முந்தைய பல ஆண்டுகளைவிட அதிகம். நல்ல ஆரோக்கியத்தோடு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைதான் வேண்டும் என்றால் மூன்று ஆண்டுக்கு மேலும் ஆகலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஐந்து, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களும், உடல் அல்லது மனவளர்ச்சியில் சிறப்புக் கவனிப்பு தேவைப்படுபவர்களும் வீடு அமையாமல் காத்திருக்கிறார்கள். அவர்களுக்காகத் திறந்த மனதோடு வருகிறவருக்கு வரிசை வெகு சிறியது.

சுருக்கமாக: தாமதத்தின் பெரும்பங்கு, குழந்தைக்கு வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்வதிலும், விரும்புவோர் அதிகம், தத்துக்கு உரிய குழந்தைகள் குறைவு என்ற கணக்கிலும் இருக்கிறது.

பதிவில் இருந்து வீடு வரை

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது காரா என்று எல்லோரும் சொல்லும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம். டெல்லியில் இருந்து இயங்கும் மத்திய அரசு அமைப்பு. அதன் இணையதளத்தில்தான் பதிவு. ஹோமுக்கு நேரில் போய் பெயர் கொடுத்து வைக்கும் வழக்கம் முடிந்துபோய் வெகுகாலம் ஆகிறது. நாடு முழுவதற்கும் ஒரே வரிசை, பதிவு செய்த தேதிதான் முன்னுரிமை. ஆகவே யோசித்துக்கொண்டே ஒரு வருடத்தைக் கழிக்காமல், முடிவு செய்தவுடன் பதிந்துவிடுங்கள். வருடக்கணக்கில் யோசிக்க நேரம் தானாகவே கிடைக்கும்.

பெங்களூர்த் தமிழர்களை இழுத்துப் பிடிக்கும் இடம் ஆவணங்கள். ஆதாரில் திருவண்ணாமலை முகவரி, குடியிருப்பது மார்த்தஹள்ளியில் வாடகை வீடு. கல்யாணம் ஊர்க் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவே இல்லை. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் மட்டும், பான் கார்டில் முழுப் பெயர். இவை ஒன்றும் தகுதிக் குறைவு ஆகாது. ஆனால் திருத்தி எடுக்க மாதங்கள் ஆகும். திருமணச் சான்றிதழ், வருமானச் சான்று, தீராத அல்லது தொற்றும் நோய் எதுவும் இல்லை என்ற மருத்துவச் சான்று, உங்களை அறிந்த இருவரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றையும் பதிவுக்கு முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாநிலத்துக் குழந்தை என்ற விருப்பத்தையும் பதிவில் குறிப்பிடலாம். கர்நாடகத்தில் குடியிருந்துகொண்டே தமிழ்நாட்டைக் கேட்கலாம். பச்சைக் குழந்தைக்கு இது பெரிய விஷயமில்லை. பேசத் தெரிந்த குழந்தை என்றால் யோசிக்க வேண்டியதுதான். ஆறு வயது வரை கன்னடம் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை, தமிழ் மட்டுமே பேசும் பாட்டியோடு முதல் மாதத்தைக் கழிக்கப்போகிறது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு இரண்டு மொழியும் சரளம் என்பது இங்கே உண்மையான பலம்.

பதிவுக்கு அடுத்தது இல்ல ஆய்வு. தத்துக்குரிய குழந்தைகளைப் பராமரித்து ஒப்படைக்க அரசு அங்கீகரித்த நிறுவனத்தைச் சிறப்பு தத்து மையம் என்கிறார்கள். அங்கிருந்து சமூகப் பணியாளர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து பேசி அறிக்கை எழுதுவார். அறுபது நாளுக்குள் முடிய வேண்டும், அறிக்கை மூன்று ஆண்டு செல்லும். சொந்த வீடு இல்லையே, ஒரு பெட்ரூம்தானே என்று கவலைப்படாதீர்கள். அவர்கள் டைல்ஸைப் பார்க்க வருவதில்லை. ஒயிட்ஃபீல்டில் இருவருக்கும் வேலை என்றால் பகலில் குழந்தையை யார் பார்ப்பார்கள், மாமியார் இதற்கு மனதார ஒப்புகிறாரா, குழந்தை இழப்போ கருத்தரிப்புச் சிகிச்சையோ நடந்திருந்தால் அந்தத் துக்கத்தில் இருந்து வெளியே வந்துவிட்டீர்களா, குழந்தையிடம் தத்து பற்றி எப்போது சொல்லப்போகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். பரீட்சை போல மனப்பாடம் செய்து பதில் சொல்ல வேண்டாம். "மாமியாருக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது" என்று உண்மையைச் சொன்னால், அதைப் பற்றிப் பேச உதவி கிடைக்கும். மறைத்தால் அந்தத் தயக்கம் குழந்தை வந்த பிறகு குழந்தையின் மேல்தான் விழும்.

உங்கள் முறை வரும்போது ஒரு குழந்தையின் படம், அதன் பின்னணி அறிக்கை, மருத்துவ அறிக்கை ஆகியவை இணையதளத்தில் உங்களுக்குக் காட்டப்படும். ரெஃபரல் என்று சொல்வது இதைத்தான். 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையை உங்களுக்கென்று ஒதுக்கிவைக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் தத்து மையத்துக்கு நேரில் போய்ப் பார்த்து, விரும்பினால் உங்கள் டாக்டரிடமும் காட்டி, முப்பது நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இப்படி மூன்று ரெஃபரல் வரை வரும்.

கடைசியில் பேரம் பேசும் மனநிலை தலைகாட்டுவது இங்கேதான். "நிறம் கொஞ்சம் கம்மி", "எங்கள் குடும்பச் சாயல் இல்லையே" என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவக் காரணத்துக்காக, நம்மால் இந்தக் குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்று நேர்மையாக மறுப்பது வேறு. நிறத்துக்காக மறுப்பவர் தத்தெடுக்கவே வேண்டாம் என்பேன். வயிற்றில் பிறக்கும் குழந்தையிடம் அப்படி யாரும் மறுப்பதில்லை.

ஏற்றுக்கொண்டால், உத்தரவு வருவதற்கு முன்பே குழந்தை வீட்டுக்கு வந்துவிடும். இது தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு. அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அழைத்து வரலாம். உத்தரவுக்கான விண்ணப்பத்தைத் தத்து மையம் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் தாக்கல் செய்யும்.

இந்த இடத்தில் சட்டம் அண்மையில் மாறியிருக்கிறது. முன்பு உத்தரவு நீதிமன்றத்தில் இருந்து வரும். 2021-இல் சட்டத்தைத் திருத்தி, 2022 செப்டம்பர் 1 முதல் அந்த அதிகாரத்தை மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் கலெக்டர், கர்நாடகத்தில் டெபுடி கமிஷனர், அதாவது நாம் டி.சி. என்று சொல்பவர். எந்த மாவட்டத்து மையத்தில் குழந்தை இருந்ததோ அந்த மாவட்டத்து அதிகாரிதான் உத்தரவு போடுவார். குழந்தை பெங்களூர் மையத்தில் இருந்தால் கெம்பேகௌடா ரோட்டில் இருக்கும் டி.சி. ஆபீஸ், சேலத்தில் இருந்தால் சேலம் கலெக்டர். விசாரணை தனியறையில் நடக்கும், இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. பழைய அனுபவத்தை வைத்துக்கொண்டு "வக்கீல் பிடித்து ஃபேமிலி கோர்ட்டில் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், அது 2022-க்கு முந்தைய கதை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. இல்ல ஆய்வு, குழந்தைப் பராமரிப்பு நிதி, பிந்தைய சந்திப்புகள் ஆகியவற்றுக்கு எவ்வளவு என்று விதிகளிலேயே அட்டவணை இருக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். "டொனேஷன்" என்று யார் கேட்டாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் புகார் கொடுங்கள்.

குறுக்குவழி ஏன் ஆபத்து

2019-இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் குழந்தைகளுக்கு விலை பேசும் ஆடியோ வாட்ஸ்அப்பில் பரவி, பலர் கைதானதை நம்மில் நிறையப் பேர் மறந்திருக்க மாட்டோம். வாங்கியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. குழந்தைக்காக ஏங்கி ஏங்கிக் களைத்துப் போனவர்களும் அந்த மாதிரி வலையில் விழுவார்கள். ஆனால் சட்டம் ஏக்கத்தைப் பார்ப்பதில்லை. குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம், ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் மூன்றில் இருந்து ஏழு ஆண்டு. பிறப்புப் பதிவில் உங்களையே பெற்றோர் என்று எழுதவைப்பது தனி மோசடி. அந்தப் பொய்ச் சான்றிதழை வைத்துத்தான் குழந்தையின் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் கட்டப்படும். ஒருநாள் அது உடைந்தால் எல்லாம் ஒன்றாகச் சரியும். விலை கொடுப்பது குழந்தைதான்.

யாராவது குழந்தையை வளர்க்க முடியாத நிலையில் உங்களிடம் வந்தால், அல்லது ஒரு குழந்தை தனியாகக் கிடப்பதைப் பார்த்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். கண்டெடுத்த குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். "கடவுள் கொடுத்தது" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாது.

உத்தரவுக்குப் பிறகு

உத்தரவை வைத்துப் புதிய பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதில் பெற்றோர் பெயராக உங்கள் பெயர்களே இருக்கும். பள்ளிக்கோ பாஸ்போர்ட்டுக்கோ வேறு விளக்கம் தேவையில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். கண்காணிப்பு என்று நினைத்து ஒதுங்காதீர்கள். குழந்தை இரவில் தூங்குவதில்லை, சாப்பாட்டை ஒளித்து வைக்கிறது என்பது போன்றவற்றை நல்ல அனுபவம் உள்ள ஒருவரிடம் கேட்க அதுவே வாய்ப்பு.

தத்து என்பதைக் குழந்தையிடம் மறைப்பது நம் வீடுகளில் பாசத்தின் பெயரால் நடக்கிறது. "தெரிந்தால் விட்டுப் போய்விடும்" என்ற பயம். எப்படியும் தெரியவரும், கல்யாண வீட்டில் ஒரு தூரத்து அத்தையின் வாயில் இருந்து. அப்படிக் கேட்கும் பிள்ளையை உடைப்பது தத்து என்ற செய்தியைவிட, இத்தனை நாள் அப்பாவும் அம்மாவும் பொய் சொன்னார்கள் என்பதுதான். இரண்டு, மூன்று வயதிலேயே தூங்கவைக்கும்போது சொல்லும் கதையாக அது இருந்துவிட்டால், அதில் அதிர்ச்சிக்கே இடமில்லை. உறவினர்களுக்கும் அதுவே பதிலாகிவிடும்: எங்கள் பிள்ளைக்குத் தெரியும், நீங்கள் கிசுகிசுக்க வேண்டியதில்லை.

பிள்ளை வளர்ந்த பிறகு, தான் எங்கிருந்து வந்தோம் என்று அறிய விரும்பலாம். அதற்கு விதிகளில் இடம் உண்டு. 18 வயதுக்குப் பின் தானாகவே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன்பு என்றால் பெற்றோரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பெற்ற தாய் தன் விவரத்தை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால் அதையும் மதிப்பார்கள். தத்து உத்தரவு, பின்னணி அறிக்கை, மருத்துவ அறிக்கை, மையத்தில் இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அந்தக் கேள்வி வரும் நாளில் பிள்ளையிடம் கொடுக்க உங்கள் கையில் இருக்க வேண்டியவை அவை.